வீட்டுப் பட்டறையில் மரப் பேனா கடைதல்: கட்டை தேர்விலிருந்து ரீபில் பொருத்துவது வரை

மரப் பேனாவைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அது ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தது என்றே நினைக்கிறார்கள். பொழுதுபோக்காகக் கடைபவர்கள் செய்யும் பேனாக்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. மெல்லிய பித்தளைக் குழாயின் மேல் மரத்தை ஒட்டி, அந்த மரத்தைக் கடைந்து மெலியச் செய்து, கிட் எனப்படும் பேனா உறுப்புத் தொகுப்பில் வரும் உலோக உறுப்புகளை இரு முனைகளிலும் அழுத்திப் பொருத்துவதுதான் முறை. பரவலாகக் கிடைக்கும் ஸ்லிம்லைன் கிட்டில் குழாயின் வெளிவிட்டம் 7 மி.மீ.; எழுதும் முனைப் பக்கத்தில் மரத்தின் இறுதி விட்டம் 8 மி.மீ.க்குச் சற்றே மேல். அப்படியானால் அந்த விளிம்பில் நிற்கும் மரத்தின் கனம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். மிச்சமிருந்த ஈரம், சாய்ந்துபோன துளை, பசை படாமல் விட்டுப்போன இடம் ஆகிய எதையும் அவ்வளவு மெல்லிய மரம் தாங்காது. பேனா நிலைக்குமா, விரிசல் விடுமா என்பது கடைசல் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஆகையால் இங்கே முன்தயாரிப்புக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இயந்திரமும் உளிகளும்

பேனாவுக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. மரத்தைத் தாங்கும் இரு முனைகளுக்கும் இடையே 40 செ.மீ. அளவு இடமும், அரை குதிரைத்திறன் மோட்டாரும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 3,000 சுற்று வரை மாற்றக்கூடிய வேகமும் உள்ள மேசை லேத் (மேசைமேல் வைக்கும் கடைசல் இயந்திரம்) தாராளமாகப் போதும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக், எதிரே நின்று தாங்கும் பகுதியான டெயில்ஸ்டாக் இரண்டிலும் உள்ள கூம்புத் துளையின் அளவு. சிறிய லேத்களில் அது மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு அளவுமுறையில் எம்டி-1 அல்லது எம்டி-2 ஆக இருக்கும். பிறகு வாங்கும் மேண்ட்ரல் (மரத்துண்டுகளைக் கோத்துச் சுழற்றும் கம்பி), டிரில் சக் (டிரில் பிட்டைப் பிடிக்கும் தாடை), சுழலும் மையம் (எதிர்முனையைத் தாங்கிச் சுழலும் கூம்பு) ஆகியவை அனைத்தும் அதே அளவில் இருக்க வேண்டும். டெயில்ஸ்டாக் முனையும் ஹெட்ஸ்டாக் முனையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் தொடுகின்றனவா என்று கடையிலேயே நகர்த்திப் பார்த்துவிடுவது நல்லது. அந்த நேர்கோடு தவறினால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் வட்டமான பேனா வராது.

உளிகளில் மூன்று போதும். சதுரக் கட்டையை உருளையாக்க ஒரு பெரிய குழி உளி, வளைவுகளுக்கு ஒரு சிறிய குழி உளி, இறுதிச் சீவலுக்கு ஒரு சாய்வு உளி. மூன்றையும் எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகில் வாங்குவது நல்லது. பட்டறைகளில் அடித்துத் தரும் கார்பன் எஃகு உளிகளும் நன்றாகவே வெட்டும். ஆனால் சாணைக்கல்லில் சற்று அதிகம் அழுத்திவிட்டால் விளிம்பு நீலம் பாய்ந்து அதன் கடினத்தன்மை போய்விடும் என்பதால், அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் அவற்றைச் சாணை பிடிக்க வேண்டும். சாணை பிடிக்கும் பழக்கமே இல்லாதவர்கள் கார்பைடு வில்லை பொருத்திய உளியுடன் தொடங்கலாம். அது சீவுவதைவிடச் சுரண்டுவதே அதிகம் என்பதால் உப்புத்தாள் வேலை கூடும். என் பார்வையில், சாணை பிடிக்கக் கற்றுக்கொள்வதைத் தள்ளிப்போடுவது இந்தக் கலையின் சுவையையே தள்ளிப்போடுவதாகும்.

இவை தவிர ஒரு வெர்னியர் காலிபர், வைஸ் எனப்படும் பிடிகருவி, அறுப்பதற்கு நுண்பற்கள் கொண்ட ரம்பம், முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம், என்95 தர முகக்கவசம் ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டும் விருப்பத்துக்குரியவை அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூசியையும் வைத்திருக்கிறது.

எந்தக் கிட்

முதல் பேனாவுக்கு ஸ்லிம்லைன் கிட்டையே பரிந்துரைப்பேன். விலை குறைவு, பழகும்போது இரண்டொன்று வீணானாலும் வருத்தமிருக்காது. இரண்டு குழாய்கள், எழுதும் முனை, திருகினால் ரீபிலை வெளியே தள்ளும் திருகமைப்பு, நடுவளையம், கிளிப், மூடிக் குமிழ், கிராஸ் (Cross) நிறுவன வகை ரீபில் ஆகியவை அதில் இருக்கும். அந்தக் கிட்டுக்கென்றே உரிய புஷ்களையும் 7 மி.மீ. டிரில் பிட்டையும் தனியே வாங்க வேண்டும். புஷ் என்பது மேண்ட்ரலில் மரத்தின் இருபுறமும் கோக்கப்படும் எஃகு வளையம். எந்த விட்டத்தில் மரம் உலோக உறுப்போடு சமமாகச் சேரும் என்பதை அதுவே காட்டும். வேறு கிட்டின் புஷ்ஷை இதற்குப் பயன்படுத்தினால் மரம் உலோகத்தைவிடப் புடைத்தோ பள்ளமாகவோ நிற்கும்.

சியரா வகைக் கிட்டில் ஒரே குழாய், ஒரே மரத்துண்டு. துளை 27/64 அங்குலம், ஏறத்தாழ 10.7 மி.மீ. இரு துண்டுகளின் மர ரேகையைப் பொருத்தும் தொல்லை இல்லை, பார்க்கர் வகை ரீபில் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். சற்று விலை கூடினாலும் இரண்டாவது பேனாவுக்கு இது ஏற்றது. மைப்பேனாவைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். இந்தியாவில் கையால் கடையப்பட்ட மைப்பேனாக்களுக்குப் புகழ்பெற்ற ராஜமுந்திரியிலும் நம் திருவள்ளூரிலும் எபோனைட் எனப்படும் கடினமாக்கிய ரப்பரைத்தான் பெரிதும் கடைந்தார்கள் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. எபோனைட் மையில் நனைந்தாலும் ஊறாது, மரையும் நன்றாக ஏறும், மரம் அப்படியல்ல.

கட்டை: விறகுக் கடையில் தொடங்கலாம்

பேனாக் கட்டைக்கு 20 மி.மீ. சதுரமும் 130 மி.மீ. நீளமும் போதும். இவ்வளவு சிறிய துண்டுக்காக இறக்குமதி மரம் தேட வேண்டியதில்லை. தேக்கு மரக்கடையில் கழித்துப் போடும் துண்டுகளும், பழைய கதவு நிலைகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தேக்கும் வேங்கையும், வெட்டிய பூவரசு, வாகை, புளி, மா ஆகியவற்றின் கிளைகளும் நல்ல பேனாவாகும். நூறு ஆண்டு வீட்டின் நிலைக்கதவுத் தேக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது உலர வேண்டிய அளவுக்கு எப்போதோ உலர்ந்துவிட்டது. ஆணி மட்டும் ஒளிந்திருக்கும், காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு அறுக்கவும்.

ஆனால் தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது சீமைக்கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கண்மாயை அடைக்கிறது என்று ஊர்தோறும் வசைபாடப்பட்டு விறகாகவும் கரியாகவும் போகும் இந்த மரம், கடைசலுக்கு அருமையானது. இதன் இனத்தைச் சேர்ந்த மரங்களை அமெரிக்காவில் மெஸ்கீட் என்ற பெயரில் கடைசல்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் விரிந்து சுருங்கும் அளவு இதில் மிகக் குறைவு; அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். விரியாத சுருங்காத பித்தளைக் குழாயின் மேல் அரை மில்லிமீட்டர் மரமாக நிற்க வேண்டிய ஒன்றுக்கு இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை. விறகுக் கடையில் கைமணிக்கட்டைவிட நன்கு தடித்த, நேரான, வைரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து எடுக்கவும். அறுத்தால் ஓரத்தில் மஞ்சள் கலந்த வெண்பகுதியும் உள்ளே செம்பழுப்பு வைரமும் தெரியும். வெண்பகுதியில் பூச்சி விழும். கிளையின் நடுமையத்தில் விரிசல் தொடங்கும். இரண்டையும் தவிர்த்து, இடைப்பட்ட வைரத்திலிருந்து கட்டையை அறுத்தெடுக்க வேண்டும்.

பனை ஒரு தனி உலகம். வெளிறிய மென்பகுதியின் ஊடே கரிய நார்கள் கம்பிகளாக ஓடுவதால், நீளவாக்கில் அறுத்தால் கோடுகளும் சாய்வாக அறுத்தால் நீண்ட புள்ளிகளும் தெரியும். ஆனால் நார் கடினம், இடைப்பட்ட மென்பகுதி பஞ்சு. உளி நாரைப் பிடுங்கி எறிந்துவிடும். தண்ணீர்போல் ஓடும், ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை இடையிடையே ஊற்றி ஊறவைத்துக் கடைந்தால்தான் பனை பணியும். அதை ஐந்தாறு பேனாக்கள் கடைந்த பிறகு எடுப்பதே புத்திசாலித்தனம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சந்தனம், செம்மரம் ஆகியவற்றின் வெட்டுதலும் போக்குவரத்தும் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ரசீது இல்லாத துண்டு எவ்வளவு சிறியதானாலும் தொடாதீர்கள். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஆகவே ஈட்டிப் பேனாவை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்ப நினைப்பவர் அதன் விதிகளைப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.

உலர்த்துதல்

பச்சை மரத்தைக் கடைந்து பேனா செய்தால் அது சில வாரங்களில் நீளவாக்கில் வெடிக்கும். காரணம் எளிது. மரம் உலரும்போது குறுக்கே சுருங்க முயல்கிறது. உள்ளே இருக்கும் பித்தளை சுருங்க மறுக்கிறது. மெல்லிய மரம் கிழிகிறது. எனவே கட்டையை முதலில் 25 மி.மீ. சதுரமாகத் தாராளமாக அறுத்து, இரு முனைகளையும் உருக்கிய மெழுகில் தோய்த்து, காற்றோட்டம் உள்ள, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி வைக்க வேண்டும். முனைகளில் மெழுகு பூசுவதற்குக் காரணம், மரத்தின் ஈரம் பக்கங்களைவிட முனைகள் வழியாகப் பன்மடங்கு வேகமாக வெளியேறுவதும் விரிசல் அங்கேதான் தொடங்குவதும்.

உலர்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை போட்டுத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு கட்டையின் மேலும் அன்றைய தேதியையும் கிராம் எடையையும் பென்சிலால் எழுதிவிட்டு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் மீண்டும் போட்டுப் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எடை மாறாமல் நின்றால் அந்த அறையின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது சமநிலைக்கு வந்த கட்டை, சித்திரையில் இன்னும் கொஞ்சம் ஈரத்தை விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவசரமில்லாதவர் மழைக்காலத்தில் அறுத்து வைத்துக் கோடையில் கடைவதே நல்லது.

அறுத்தலும் துளையிடுதலும்

உலர்ந்த கட்டையை 20 மி.மீ. சதுரத்துக்கு இழைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் நீளம் முழுக்கச் சாய்வாக ஒரு கோடு இழுங்கள். கட்டையை இரண்டாக வெட்டிய பிறகு எந்த முனை எந்த முனையோடு சேர வேண்டும் என்பதை அந்தக் கோடு காட்டும். கோடு உடையாமல் தொடர்ந்தால் மர ரேகையும் தொடரும். ஸ்லிம்லைன் குழாய் ஒவ்வொன்றும் சுமார் 53 மி.மீ. நீளம். கிட்டுக்குக் கிட் சிறிது மாறும் என்பதால் கையிலுள்ள குழாயை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாக ஒவ்வொரு துண்டையும் வெட்ட வேண்டும்.

துளை போட டிரில் மெஷினும் பயன்படும், லேத்தும் பயன்படும். லேத்தில் கட்டையை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கைப் பொருத்தி, கைச்சக்கரத்தைத் திருகி உள்ளே செலுத்தும் முறையில் நேர்க்கோடு தவறுவது குறைவு. எனக்கு அதுவே உகந்ததாகப் படுகிறது. வேகம் நிமிடத்துக்கு 500 முதல் 1,000 சுற்றுக்குள் இருக்கட்டும். பிட் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனதும் முழுவதுமாக வெளியே இழுத்து அதன் பள்ளங்களில் அடைத்த தூளைத் துலக்கிவிட்டு மீண்டும் செலுத்த வேண்டும். சீமைக்கருவேலம் போன்ற கெட்டி மரத்தில் தூள் அடைபட்டால் பிட் சூடேறிப் புகையும். அந்தச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிர்விரிசல் விழுந்து, மெருகு போட்ட பிறகுதான் அது வெளியே தெரியும்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். இரு துண்டுகளும் பேனாவின் நடுவில் சந்திக்கும் முகங்களிலிருந்தே துளையைத் தொடங்குங்கள். பிட் உள்ளே போகப்போகச் சற்று விலகினாலும், சந்திக்கும் இடத்தில் துளை நடுமையத்தில் இருப்பதால் ரேகை பொருந்தி நிற்கும். அடுத்து, பிட் மறுபுறம் வெளியேறும்போது மரம் தெறிப்பதைத் தடுக்க, கட்டையைக் கூடுதல் நீளமாக வைத்துக்கொண்டு, பிட் வெளியேறுமுன் நிறுத்தி, மிச்ச முனையை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிடலாம்.

குழாயை ஒட்டுதல்

பளபளப்பான பித்தளையில் பசை பிடிக்காது. குழாயை 150-ஆம் எண் உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். பசை குழாயின் உட்புறம் போய்விட்டால் பிறகு உறுப்புகளை அழுத்த முடியாது. அதற்கு உலகெங்கும் கடைசல்காரர்கள் செய்யும் வேலை நம் சமையலறையிலேயே முடிந்துவிடும்: பச்சை உருளைக்கிழங்கைக் கால் அங்குல வில்லையாக நறுக்கி, குழாயின் முனையை அதில் குத்தி எடுத்தால் ஒரு சிறு தக்கை உள்ளே நின்றுவிடும்.

பசைக்கு இரு வழிகள். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை விரைவானது. ஆனால் குழாய் பாதி நுழைந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. அரால்டைட் போன்ற இருகுழம்பு எபாக்ஸி மெதுவாக இறுகும், சிறு இடைவெளியையும் நிரப்பும், பிற்காலத்தில் வெப்பமும் அதிர்ச்சியும் தாங்கும். தயக்கமின்றி எபாக்ஸி என்பேன். குழாயின் மேலும், ஒரு குச்சியால் துளையின் உட்புறமும் தடவி, குழாயைச் சுழற்றிக்கொண்டே முன்னும் பின்னுமாக நகர்த்திச் செருகினால் பசை எங்கும் பரவும். குழாய் இரு முனைகளிலும் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் உள்ளடங்கி நிற்கட்டும். ஓரிரவு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் உருளைக்கிழங்குத் தக்கையை ஒரு கம்பியால் குத்தித் தள்ளிவிடலாம்.

முகத்தைச் சதுரமாக்குதல்

பலரும் அவசரத்தில் கடந்துபோகும் படி இது. மரத்தின் முனைமுகம் குழாயின் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லையென்றால், உலோக உறுப்பு ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் இடைவெளி விட்டும் நிற்கும். மேண்ட்ரலில் இறுக்கும்போது மேண்ட்ரலே வளையும். பேனா மில் எனப்படும் கருவியில் குழாய்க்குள் சரியாக நுழையும் ஒரு தண்டும், அதன் மேல் முகத்தைச் சீவும் ஒரு வெட்டுத்தலையும் இருக்கும். கட்டையை வைஸில் மெதுவாகப் பிடித்து, மில்லைக் கைத்துரப்பணத்தில் மாட்டி, குறைந்த வேகத்தில் சீவுங்கள். மரம் குறைந்து குறைந்து வந்து, பித்தளை விளிம்பில் ஒரு முழு வளையமாகப் புதுப் பளபளப்பு தெரிந்ததும் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சீவினால் குழாயே குட்டையாகும்; ஸ்லிம்லைனில் குழாய் குட்டையானால் ரீபில் முழுவதும் உள்ளே மடங்காது. வெட்டுத்தலை மழுங்கியிருந்தால் முனைமரத்தைப் பிய்த்துவிடும், ஆகவே அதையும் வைரக்கல் தூள் பதித்த தகட்டில் அவ்வப்போது தீட்டி வைக்கவும்.

மேண்ட்ரலில் ஏற்றுதல்

வரிசை: புஷ், கீழ்த்துண்டு, நடுப் புஷ், மேல்துண்டு, புஷ், இறுதியில் மரை. முன்பு இழுத்த சாய்கோடு நடுவில் தொடர்ந்து ஓடும்படி இரு துண்டுகளையும் திருப்பி வைக்கவும். மரையைக் கைவிரலால் மட்டும் இறுக்குங்கள். டெயில்ஸ்டாக்கின் சுழலும் மையம் மேண்ட்ரலின் முனையைத் தொட்டு, அதனோடு சேர்ந்து சுழலும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். ஏறத்தாழ 6 மி.மீ. தடிமனே உள்ள அந்தக் கம்பி சற்று அதிகம் அழுத்தினாலும் வில்லாக வளையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடைந்து முடித்த மரம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். புஷ்ஷோடு ஒரு பக்கம் சமமாகவும் எதிர்ப்பக்கம் படிக்கட்டு போலவும் விரலுக்குத் தட்டுப்பட்டால் பழி இந்த அழுத்தத்தின் மேல்தான்.

கடைதல்

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டை மரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி, உளியின் வெட்டுவிளிம்பு மையக்கோட்டுக்கு நேராகவோ மிகச் சற்றே மேலாகவோ வருமாறு வைக்கவும். இயந்திரத்தை ஓட்டுமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து எதிலும் தட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். தொளதொளப்பான சட்டைக்கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கையுறை எதுவும் அருகே இருக்கக் கூடாது. நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளவும்.

பெரிய குழி உளியில் தொடங்கி, நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றில் சதுரத்தை உருளையாக்குங்கள். அடிப்படை ஒன்றுதான். முதலில் உளியை டூல் ரெஸ்ட்டில் ஊன்ற வேண்டும். பிறகு உளியின் சாய்தளத்தின் அடி, வெட்டாமல் மரத்தின் மேல் உரச வேண்டும். அதன் பிறகே கைப்பிடியை மெதுவாகத் தூக்கி, விளிம்பு மரத்தில் இறங்க விட வேண்டும். இந்த வரிசை மாறி விளிம்பு முதலில் தொட்டால் உளி கவ்விக்கொண்டு மரத்தைப் பெயர்த்துவிடும். நடுவில் தொடங்காமல் முனைக்கு அருகில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வெளியை நோக்கியே சீவி, சிறிது சிறிதாக நடுப்பகுதிக்கு வாருங்கள். தொடக்கத்தில் மூலைகள் தட்டும் கடகடவென்ற ஓசை, மரம் வட்டமானதும் சீரான இரைச்சலாக மாறும். கண்ணைவிடக் காது அதை முன்னதாகச் சொல்லிவிடும்.

வட்டமானதும் வேகத்தை 2,500 அளவுக்கு உயர்த்தி, உளியை மீண்டும் தீட்டிக்கொண்டு, புஷ்ஷின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும் வரை இறக்குங்கள். மரத்தின் உலர்வில் ஐயம் இருந்தால் இங்கே நிறுத்தி, மேண்ட்ரலிலிருந்து கழற்றி, இரண்டு மூன்று வாரம் அலமாரியில் வைத்துவிடலாம். வெடிக்க வேண்டியது அதற்குள் வெடித்துவிடும். மெருகும் கிட்டும் வீணாகாது.

பிறகு வடிவம். முழு நேராகவும் வைக்கலாம், நடுவில் சற்றே புடைக்கவும் வைக்கலாம். விரல்கள் பிடிக்கும் இடம் மெலிந்தும் அதற்கு மேல் சற்றுத் தடித்தும் இருந்தால் எழுதும்போது கை வழுக்காது என்பது என் அனுபவம். எந்த வளைவானாலும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே சீவ வேண்டும். எதிர்த்திசையில் சீவினால் நார் நிமிர்ந்து மேற்பரப்பு சொரசொரக்கும். சாய்வு உளியின் விளிம்பில் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தி இறுதிச் சீவலை எடுத்தால், மெல்லிய தாள்போன்ற சுருள் நீளமாக வந்து விழும். அப்படிச் சீவிய மரத்துக்கு உப்புத்தாள் மிகக் குறைவாகவே தேவைப்படும். தூளாக வந்தால் உளி மழுங்கிவிட்டது. புஷ்ஷைவிட 0.3 மி.மீ. அளவு மிச்சம் விட்டு உளியைக் கீழே வைக்கவும். எஞ்சியதை உப்புத்தாள் எடுத்துக்கொள்ளும்.

உப்புத்தாள்

இப்போது டூல் ரெஸ்ட்டை முழுவதும் கழற்றிவிடுங்கள். வேகம் 800 முதல் 1,000. எண் 220, 320, 400, 600 என்ற வரிசையில் எதையும் தாண்டாமல் போக வேண்டும். தாளை மரத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. சிறு துண்டாகக் கிழித்து, அடிப்பக்கத்திலிருந்து மென்மையாகத் தொடுங்கள். விரலுக்குச் சூடு தெரிந்தால் மரத்துக்கு ஏற்கெனவே அதிகச் சூடு. ஒவ்வொரு எண் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அதே தாளால் நீளவாக்கில் கையால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். நீளவாக்கில் தேய்ப்பதால் சுற்றுக் கீறல்கள் மறையும். துடைப்பதால் முந்தைய எண்ணின் மணல் அடுத்ததில் கீறல் போடாது. வெட்பாலை போன்ற வெளிறிய மரமானால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: எஃகுப் புஷ்ஷின் மேல் தாள் உரசினால் கரிய உலோகத்தூள் மரத்தின் நுண்துளைகளில் ஏறிச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

மெருகு

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் உராய்வு மெருகு மிக எளிது. சுழலும் மரத்தில் காகிதக் கைத்துடைப்பால் தடவி அழுத்தினால், சூட்டில் சில நொடிகளில் பளபளப்பு வந்துவிடும். மரத்தின் தொடுவுணர்வும் மறையாது. ஆனால் நம் ஊர் வியர்வையில் அந்தப் பளபளப்பு சில மாதங்களே தாங்கும். கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்தின் எட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை மரப் பொம்மைகளுக்குச் சாயமேற்றிய அரக்குக் குச்சியையே சுழலும் மரத்தில் அழுத்தி உருக்கிப் பூசி, தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். வெட்பாலைப் பேனாவுக்கு அந்த முறையைச் செய்து பார்ப்பது இன்பமான வேலை. நிறமும் உடன் வந்துவிடுகிறது.

நாள்தோறும் எழுதப் போகும் பேனாவுக்கு உடனடிப் பசை மெருகுதான் உறுதியானது. சன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் புகை முகத்தைவிட்டு விலகிப் போகும்படி வைத்து, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பருத்தித் துணியைப் பயன்படுத்தவே கூடாது. இந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும், துணி சுழலும் மேண்ட்ரலில் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும். மடித்த காகிதக் கைத்துடைப்பே போதும். குறைந்த வேகத்தில் மெல்லிய பசையில் இரண்டு பூச்சு, பிறகு நடுத்தரப் பசையில் ஆறு முதல் எட்டுப் பூச்சு. ஒவ்வொன்றும் தானாக உலரக் காத்திருங்கள். காற்றின் ஈரத்தால்தான் இந்தப் பசை இறுகுகிறது என்பதால், அடைமழை நாளில் அது மிக விரைவில் இறுகி, மேலே வெள்ளை மூட்டம் படியும். அத்தகைய நாளில் மெருகு வேலையைத் தள்ளிவைப்பது நல்லது.

முழுவதும் இறுகிய பின், 1500 முதல் 12000 எண் வரை வரும் மைக்ரோமெஷ் தாள்களைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்து, கடைசியில் கார் பாலிஷ் ஒரு துளி. மேண்ட்ரலைக் கழற்றுமுன் மரமும் புஷ்ஷும் சேரும் கோட்டில் கூர்க்கத்தியால் ஒரு வெட்டுப் போடுங்கள். இல்லையேல் பசை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்து, பிரிக்கும்போது விளிம்பில் மெருகு உரிந்து வரும். மரத்தின் முனைமுகங்களிலும் ஒரு துளி மெல்லிய பசை வைத்து மூடிவிட்டால் ஈரம் அவ்வழியே நுழையாது.

பொருத்துதல்

உறுப்புகளை மேசையில் பேனாவின் வரிசையிலேயே பரப்பி, இரு மரத்துண்டுகளின் ரேகை சேருமாறு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அழுத்துவதற்குத் தனிக் கருவி இல்லையென்றால் வைஸின் தாடைகளில் மரப்பலகை வைத்துப் பயன்படுத்தலாம். குழாயின் உட்புறத்தில் காய்ந்த பசைத்துளி இருந்தால், சுருட்டிய உப்புத்தாளால் முதலில் சுரண்டி எடுக்கவும். அந்தத் துளியோடு அழுத்தினால் மரம் வெடிப்பது உறுதி.

முதலில் எழுதும் முனையைக் கீழ்த்துண்டின் வெளிமுனையில் நேராக வைத்து அழுத்துங்கள். அடுத்து திருகமைப்பின் பித்தளைப் பக்கத்தை அதே துண்டின் மறுமுனையில் வைத்து, அதன் மேல் உள்ள வரிக்கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்தி, ரீபிலைத் திருகிப் பொருத்திப் பாருங்கள். திருகியபோது ரீபிலின் எழுதும் பகுதி போதிய அளவு வெளியே வரவும், எதிர்ப்புறம் திருகியபோது முழுவதும் உள்ளே மறையவும் வேண்டும். வெளியே வருவது குறைவாக இருந்தால் ரீபிலை எடுத்துவிட்டு அரை மில்லிமீட்டர் அளவில் மெதுவாக அழுத்தி, மீண்டும் பொருத்திப் பாருங்கள். மேல்துண்டில் கிளிப்பையும் மூடிக் குமிழையும் சேர்த்து அழுத்தி, நடுவளையத்தைத் திருகமைப்பின் மேல் கோத்து, மேல்துண்டைக் கையால் தள்ளிச் செருகினால் பேனா முடிந்தது.

திருகமைப்பு வேண்டிய அளவைத் தாண்டி உள்ளே போய்விட்டால் ரீபிலின் நுனி எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைப்பையில் மை கறையாகும். அப்போது இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம், திருகமைப்பு நசுங்கிவிடும். ரீபிலைக் கழற்றி, முனைத் துளை வழியாக மெல்லிய எஃகுக் கம்பியைச் செருகி, எழுதும் முனையின் உட்புற விளிம்பில் படாமல் திருகமைப்பின் அடியில் ஊன்றி, சிறு சுத்தியலால் இலேசாகத் தட்டினால் அது பின்னோக்கி நகரும். நகர்ந்த பிறகு பிடிப்பு தளர்ந்திருந்தால், மீண்டும் அழுத்துமுன் குழாயின் உட்சுவரில் ஒரு பொட்டு எபாக்ஸி வைத்துவிடுங்கள்.